ஒன்பது பந்துகளும் எண்ணப்படாத ஒன்றும்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு எந்த உந்துதலும் வரவில்லை. 2008 மாசி மாதம், இலண்டன் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டியும் கையுமாக இருந்தபோது, எங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர் சண்முகராசா என்னைப் பிடித்துக்கொண்டார். ஆண்டு மலரில் 'நம்மவர் சாதனை' என்று ஒரு பகுதி உண்டு. அதற்கு இரண்டு பக்கம் வேண்டும் என்றார். முந்தைய மூன்று வருடங்களும் ஓர் இருதய வைத்தியர், ஒரு கணக்காளர், இன்னொரு கணக்காளர் என்று போட்டு வாசகர்கள் களைத்துவிட்டார்களாம்.

"எங்கடை ஆள் ஒருத்தர் அமெரிக்காவிலை பேஸ்போல் விளையாடினவராம். அதுவும் சம்பளத்துக்கு. அதை எழுதும்" என்றார்.

அந்த ஆளை எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த ஆளைப் பற்றி எழுதுவது சுலபம் என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். இரண்டு பக்கம் பதினெட்டுப் பக்கமாகிவிட்டது. மலர் எப்போதோ வெளிவந்துவிட்டது. அதில் மூன்றாவதாக ஒரு கணக்காளர் சிரித்துக்கொண்டிருக்கிறார். கதை இன்னும் என் கையில் இருக்கிறது.

2.

தொடக்கங்கள். மூன்றை எறிந்துவிட்டேன். (எறிந்துவிட்டேன் என்ற சொல்லை இந்தக் கதையில் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று இப்போதுதான் உறைக்கிறது.)

முதல் தொடக்கம்: "வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஞானேஸ்வரன் பந்தைத் தன் காற்சட்டையில் தேய்த்தபடி—"

அன்றைக்கு வானம் கறுக்கவில்லை. இலண்டனில் வருடத்துக்கு நாலு நாள் வரும் வெயில் நாட்களில் அது ஒன்று. வெயிலில் எனக்குத் தலையிடி வந்தது. அந்த வரியை வெட்டிவிட்டேன்.

இரண்டாவது: "உலகத்தில் இரண்டு வகையான மனிதர்கள்தான் இருக்கிறார்கள்—"

இப்படித் தொடங்கும் எதையும் நானே வாசிப்பதில்லை.

மூன்றாவது: "ஞானேஸ்வரன் 1979ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்தார். 1999இல் ஐக்கிய இராச்சியத்துக்கு வந்து சேர்ந்தார்."

இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் என் தொழில் மொழிபெயர்ப்பு. குரோய்டனில் அகதி விண்ணப்ப நேர்காணல்களில் இரு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவன். அங்கே எல்லாரும் இப்படித்தான் தொடங்குவார்கள். ஒரு கதையையும் அப்படியே தொடங்கினால், மூன்றாம் வரியில் "வேறு பெயர்கள் ஏதாவது பாவித்ததுண்டா?" என்று என் கையே எழுதிவிடுகிறது.

ஆகவே நேராக மைதானத்துக்கே போய்விடுகிறேன்.

3.

2001 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோர்ண்டன் ஹீத்துக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா. இரண்டு பழைய மாணவர் சங்கங்களுக்கிடையில் கிரிக்கெட். நான் ஓட்டக் கணக்கு எழுதுபவன். விளையாடத் தெரியாத, ஆனால் ஊர்ப் பாடசாலையின் பெயரைக் காப்பாற்ற விரும்பும் எவருக்கும் கொடுக்கப்படும் வேலை அது.

ஞானேஸ்வரனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. ஒல்லி. ஆனால் பந்து அவன் கையை விட்டுப் புறப்பட்டால், அடிப்பவருக்கு அது வந்த செய்தி விக்கெட் விழுந்த பிறகுதான் கிடைக்கும். அவன் தமக்கை தவநாயகியின் வீட்டில், மாடியில், ஒரு கட்டிலும் அதைச் சுற்றிக் கொஞ்சம் காற்றும் உள்ள அறையில் குடியிருந்தான்.

தவநாயகியின் கணவர் சபாரத்தினம். கவுன்சிலில் வாகன நிறுத்தத்தைக் கண்காணிக்கும் உத்தியோகம். மஞ்சள் கோட்டில் ஒரு சக்கரம் பட்டால்கூட அபராதச் சீட்டு எழுதுவார். ஒருமுறை தன் சொந்தக் காருக்கே எழுதினார் என்று எங்கள் ஆட்களிடையே கதை உண்டு.

[விசாரித்தேன். எழுதியது சொந்தக் காருக்கு இல்லை. தமையனின் காருக்கு.]

அன்றைக்கு இரு நடுவர்களில் அவர் ஒருவர். அடிப்பவருக்குப் பக்கவாட்டில் நின்றார். நடுவர் வேலைக்கென்று வாங்கிய வெள்ளைத் தொப்பி.

முதல் ஓவரை ஞானேஸ்வரன் போட்டான். முதல் பந்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது பந்தில் ஒருவர் வெளியேறினார். ஆட்கள் கைதட்டத் தொடங்கிய பிறகுதான் சபாரத்தினத்தின் கை பக்கவாட்டில் நீண்டிருப்பதைக் கண்டோம். நோ-போல். முழங்கை மடிகிறது, அவன் பந்து வீசவில்லை, எறிகிறான், ஆகவே அந்தப் பந்து செல்லாது என்பது தீர்ப்பு.

அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும். ஏழு முறை அந்தக் கை நீண்டது. ஆறு பந்தில் முடிய வேண்டிய ஓவர் பத்தைத் தாண்டியும் முடியவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஓர் ஓவருக்கு ஒரு சின்னக் கட்டம்தான் தருவார்கள். எனக்கு இடம் போதாமல் ஓரத்தில் எழுதி, பிறகு பக்கத்து ஓவரின் கட்டத்துக்குள்ளும் அத்துமீறினேன். எல்லைக்கோட்டுக்கு வெளியே யாரோ, மாங்காய்க்கு எறிகிற மாதிரி எறிகிறான் என்று சிரித்தார்கள். அது ஞானேஸ்வரனுக்குக் கேட்டது.

அணித்தலைவர் வந்து பந்தைக் கேட்டார். அவன் கொடுத்தான். மைதானத்தை விட்டுப் போய், வாகனத் தரிப்பிடத்தில் நின்ற ஒரு காரில் சாய்ந்துகொண்டு நின்றான்.

அது சபாரத்தினத்தின் கார். அதில்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.

4.

இந்தப் பகுதியை நான் கண்ணால் கண்டவன். தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையம் வரைக்கும் எனக்கும் அதே காரில்தான் இடம் தந்தார்கள்.

சபாரத்தினம் ஓட்டினார். முன்னால் தவநாயகி, மடியில் மிஞ்சிய பற்றிஸ் பலகாரப் பெட்டி. பின்னால் நானும் ஞானேஸ்வரனும். முப்பது மைல் வேகம் விதித்த பாதையில் சரியாக இருபத்தொன்பதில் போனோம். சிக்னலில் மஞ்சள் விழக்கூடும் என்ற சந்தேகத்திலேயே நின்றோம். தவநாயகி பற்றிஸ் வேண்டுமா என்று மூன்று பேரையும் பொதுவாகக் கேட்டாள். நான் மட்டும் எடுத்தேன். அந்த அமைதியில் நான் மென்ற சத்தம் எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஞானேஸ்வரன் வாயைத் திறந்தான். சபாரத்தினத்தின் பிடரிக்கும் அவன் மூக்குக்கும் இடையே ஒன்றரை அடி இருக்கும்.

"அக்கா, எந்தப் பந்திலை கை மடிஞ்சதெண்டு அத்தானைக் கேளுங்கோ."

"எல்லாத்திலையும் எண்டு சொல்லு" என்றார் சபாரத்தினம், பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தபடி.

இருவரும் சொன்னதைத் தவநாயகி திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலை அன்றிலிருந்து அவளுக்கு நிரந்தரமாகிவிட்டது. அடுத்த ஆறு வருடம் மச்சானும் அத்தானும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவில்லை. (நான் இதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அவள் சும்மா செய்தாள்.)

அந்த வாரமே ஞானேஸ்வரன் குரோய்டனில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான். கிரிக்கெட்டையும் விட்டான். அவனுக்கு உறுத்தியது தோல்வி இல்லை. கள்ளன் என்று சொல்லப்பட்டதுதான். ஏழு தரம், எல்லாருக்கும் முன்னால், சொந்த வீட்டு ஆள் வாயால்.

5.

இந்த இடத்தில் கதைக்குள் வரும் பவளக்கொடி மீது எனக்கு ஒரு சந்தேகம்.

ஆளாக அவர் மீது சந்தேகமில்லை. தங்கமான மனுசி. கதாபாத்திரமாகத்தான் இடிக்கிறார். கதைக்கு எது தேவையோ அதையே கையில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் பக்கத்தில் வந்து நிற்கிறார். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று பயந்து, இரண்டாம் எழுத்துப்படியில் அவரைச் சாவகச்சேரியைச் சேர்ந்த ஒரு வங்கி எழுத்தராக மாற்றினேன். அந்தப் படியை அவரிடம் வாசிக்கக் கொடுத்தது என் பிழை. மறுநாள் தொலைபேசி வந்தது.

"நான் எப்பங்க பேங்க்ல வேலை செஞ்சேன்? அஞ்சு வருஷம் படிச்ச படிப்ப ஒரே வரியில அழிச்சிட்டீங்களே" என்றார்.

ஆகவே உள்ளது உள்ளபடி: பவளக்கொடி மலேசியா, தைப்பிங் ஊர்க்காரர். படிக்க வந்து இங்கேயே தங்கியவர். தோர்ண்டன் ஹீத்தில் மருந்தாளர். பள்ளிக்கூடத்தில் சொஃப்ட்போல் விளையாடியவர். மலேசியப் பெண்பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தில் அதை விளையாடுவார்களாம். பேஸ்போலுக்குத் தங்கச்சி முறையான விளையாட்டு.

2002 சித்திரையில் ஞானேஸ்வரன் தோள் நோவுக்குப் பூச ஒரு களிம்பு கேட்டு அவர் கடைக்குப் போனான். கிரிக்கெட்டைத்தான் விட்டிருந்தான். பந்தை விடவில்லை. வேலை முடிந்ததும் பூங்காவுக்குப் போய், ஆளில்லாத சுவருக்குத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தான். எப்படி நொந்தது என்று பவளக்கொடி கேட்டார். வாயால் சொல்லத் தெரியாமல், இரண்டடி பின்னால் போய்ச் செய்தே காட்டினான். கறுப்புக் கண்ணாடிகள் மாட்டியிருந்த சுழலும் தாங்கி சாய்ந்து விழுந்தது.

பவளக்கொடி விழுந்ததைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.

"இது எறியிறதுங்க. நல்லாவே எறியிறீங்க" என்றார்.

அவர் பாராட்டித்தான் சொன்னார். ஞானேஸ்வரன் களிம்பை வாங்காமல் வெளியே போய்விட்டான்.

மூன்று நாள் கழித்துத் தோள் நோவு அவனைத் திருப்பி அனுப்பியது. அவன் கோபித்துக்கொண்டு போன காரணத்தைக் கேட்டதும் பவளக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை மடக்கி, முழு வேகத்தில், ஆளைப் பார்த்து எறிவதையே ஒரு வேலையாகக் கொடுக்கும் விளையாட்டு ஒன்று இருக்கிறது, அதற்கு இந்த ஊரிலேயே ஒரு கழகமும் இருக்கிறது என்று சொன்னார். எறிபவருக்கு அங்கே தனி மரியாதை. நடுவில் மண்ணைக் குவித்து மேடு கட்டி, அதன் மேல் ஏற்றி வைப்பார்களாம்.

"அங்கை முழங்கையை ஆர் பாக்கிறது?" என்று ஞானேஸ்வரன் கேட்டான்.

"யாரும் பாக்க மாட்டாங்கலா" என்றார் பவளக்கொடி.

[மலேசியப் பேச்சின் இந்த 'லா'வைச் சண்முகராசா அச்சுப்பிழை என்று நினைத்துச் சிவப்பு மையில் வெட்டியிருந்தார்.]

6.

குரோய்டனுக்குத் தெற்கே அந்தக் கழகம். பயிற்சியாளர் ஒரு கனடாக்காரர். வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிப்பவர். ஞானேஸ்வரனை மேட்டில் ஏறி ஒன்று எறியச் சொன்னார்.

ஞானேஸ்வரன் மேட்டிலிருந்து இறங்கிப் பின்பக்கமாக நடந்தான். பதினெட்டு அடி எண்ணி, புல்லில் ஒரு கீறு போட்டான். எல்லாரும் அவன் எங்கே போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கிருந்து ஓடி வந்து, மேட்டில் தடக்குப்பட்டு, விழுகிற வேகத்திலேயே எறிந்தான். பந்து அடிப்பவனின் கால் பெருவிரலுக்கு முன்னால் குத்தி எழும்பியது. கிரிக்கெட்டில் அதைவிட நல்ல பந்து கிடையாது. இங்கே அது செல்லாது. நிலத்தில் படக்கூடாது, ஓடி வரக்கூடாது, நின்ற இடத்தில் நின்று எறிய வேண்டும்.

"அப்ப என்னதான் செய்யலாம்?" என்று அவன் கேட்டானாம். கையை எப்படி வேண்டுமானாலும் மடிக்கலாம் என்றார் பயிற்சியாளர். அவர் ஏன் அதைத் தனியாகச் சொன்னார் என்றால், வரும்போதே பவளக்கொடி அவரிடம் விசயத்தைச் சொல்லி வைத்திருந்தார்.

நாலு வருடம். அதை ஒரு பத்தியில் தாண்டுவது அநியாயம்தான். ஆனால் பயிற்சியை விவரமாக எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் செய்வேன். பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்டைப் பகலுக்கு மாற்றிக்கொண்டான். ட்ராமில் தோள்பையோடு போனான். பந்து எண்பத்தெட்டு மைல் வேகம் தொட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பவளக்கொடி வலைக்குப் பின்னால் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினார்.

அந்த விளையாட்டிலும் ஒரு நோ-போல் இருந்தது. அதை அவன் பிறகுதான் அறிந்தான். அங்கே நாலு மூலையையும் சுற்றி வந்தால்தான் ஓர் ஓட்டம். ஓட்டக்காரன் ஒருவன் ஒரு மூலையில் காத்து நிற்கும்போது, எறிபவன் எறியத் தொடங்கிவிட்டால் எறிந்தே தீர வேண்டும். தொடங்கிவிட்டுப் பாதியில் நின்றால் குற்றம். ஓட்டக்காரனுக்கு ஒரு மூலை இலவசம். அதன் பெயர் 'போக்'. தமிழில் எழுதினால் சொல்லே பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது.

7.

2004இல் ஞானேஸ்வரனுக்கும் பவளக்கொடிக்கும் கல்யாணம். யாழ்ப்பாணத்து முறையா மலேசிய முறையா என்ற வாக்குவாதம் ஒரு தனிக் கதை. அதை இதற்குள் விட மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சபாரத்தினம் கல்யாணத்துக்கு வந்தார். தவநாயகி வரச்செய்தாள். மண்டபத்துக்குள் வரவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் நின்று, வந்த கார்களையெல்லாம் ஒழுங்குபடுத்தினார். யாரும் கேட்கவில்லை. கோட்டு, சூட்டு, கழுத்துப்பட்டியோடு மூன்று மணி நேரம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். தாலி கட்டும்போது கெட்டிமேளம் வெளியே கேட்டது. அவர் ஒரு வெள்ளை வானை இரண்டு தூண்களுக்கு நடுவில் பின்பக்கமாக விட்டுக்கொண்டிருந்தார். அது மணவறை அலங்காரக்காரருடைய வான். ஒரு கீறல்கூட விழவில்லை.

அடுத்த வருடம் ஞானேஸ்வரனுக்குப் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. குரோய்டனில் எத்தனை வரிசை, எத்தனை படிவம் என்று எனக்குத் தெரியும். சிலவற்றை நான்தான் நிரப்பினேன். அதற்குள் கனடாக்காரர் அவன் எறிவதைப் படம் பிடித்து, அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் அணி நடத்தும் தன் கூட்டாளிக்கு அனுப்பியிருந்தார். பெரிய அணிகளின் பட்டியலில் தேடினால் அதன் பெயர் இருக்காது. ஆனாலும் தொழில்முறை அணி. ஒப்பந்தம், வாரச் சம்பளம், முதுகில் இலக்கம். 2006 கோடைக்குப் பதினொரு வாரம் வரச்சொன்னார்கள்.

இருபத்தேழு வயது, அந்த விளையாட்டுக்குக் கிழட்டு வயது. இதை விட்டால் இன்னொன்று வராது. பெட்ரோல் நிலையத்து வேலையை விட்டுவிட்டுப் போனான்.

தவநாயகி விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்பினாள். அன்று பின்னேரம் சபாரத்தினம் பத்திரிகையைப் பார்த்தபடி, "பெல்ட் போட்டவனோ?" என்று கேட்டாராம். விமானம் ஏறிவிட்டானா என்று கேட்கத் தெரியாத மனுசன்.

8.

நான் அமெரிக்கா போனதில்லை. ஆகவே இந்தப் பகுதியில் ஒரு சோளக்காடு, ஒரு சிவப்பு லொறி, தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி எல்லாம் எழுதி அழகு பார்த்தேன். ஞானேஸ்வரன் அதை வாசித்துவிட்டு, மைதானத்துக்குப் பக்கத்தில் கட்டில் மெத்தைக் கடை ஒன்றுதான் இருந்தது என்றான். சோளக்காடு போய்விட்டது.

அவனுக்கு எட்டு வாரம் ஆட்டமே கிடைக்கவில்லை. மாற்று எறிபவர்களின் வாங்கில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தான். தொலைபேசி அட்டையில் பவளக்கொடியைக் கூப்பிட்டு, இன்றைக்கும் உட்கார்ந்திருந்தேன் என்பான். ஒரு நாள் எழும்பி நின்றதாகச் சொன்னான். விசாரித்ததில், தேசிய கீதத்துக்கு.

ஒன்பதாவது வாரம் இரண்டு எறிபவர்களுக்கு வயிற்றோட்டம். கடைசிச் சுற்று. அவன் அணி ஓர் ஓட்டத்தால் முன்னால். எதிரணிக்கு இன்னும் இரண்டு பேர் ஆட்டமிழந்தால் கதை முடிந்தது. ஆனால் எதிரணியின் ஆள் ஒருவன் மூன்றாவது மூலையில் நிற்கிறான். அவன் ஓடி வந்து சேர்ந்தால் சமநிலை. ஞானேஸ்வரனை மேட்டுக்கு அனுப்பினார்கள்.

முதல் ஆளை ஐந்து பந்தில் வெளியேற்றினான். ஐந்தாவதைத் தான் பார்க்கவே இல்லை என்று அந்த ஆள் பிறகு சொன்னானாம்.

இரண்டாவது ஆளுக்கு மூன்று பந்து. அவற்றில் இரண்டை அந்த ஆள் தவறவிட்டுவிட்டான். இன்னும் ஒன்றைத் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது, ஞானேஸ்வரன் வென்றவன். அவன் மூச்சை இழுத்து, காலைத் தூக்கி, கையைப் பின்னால் கொண்டுபோய்—

நின்றுவிட்டான்.

(வாக்கியத்தை நான் முறிக்கவில்லை. அவன்தான் முறித்தான்.)

போக். நடுவர் கையை நீட்டினார். மூன்றாம் மூலையில் நின்றவன் நடந்தே வந்து சேர்ந்தான். சமநிலை. அடுத்த பந்து வேலிக்கு மேலால், மெத்தைக் கடைக் கூரைக்குப் போனது. தோல்வி. பத்து நாளில் ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிட்டார்கள். தொழில்முறை பேஸ்போல் எறிபவராக ஞானேஸ்வரனின் வாழ்க்கை மொத்தம் ஒன்பது பந்து. நின்றுபோன அந்த ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏன் நின்றான்?

பவளக்கொடி, தான்தான் காரணம் என்று ஒரு வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார். தான் கர்ப்பமாக இருப்பதை அன்று காலைதான் தொலைபேசியில் சொல்லியிருந்தார். "ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம், இல்லையா?" என்று என்னிடமே கேட்டார்.

முதல் எழுத்துப்படியில் நான் ஓர் ஈயைக் கொண்டுவந்தேன். நடுவரின் மூக்கில் ஈ உட்கார்கிறது. விரட்டக் கையைத் தூக்குகிறார். ஞானேஸ்வரன் திடுக்கிட்டு நிற்கிறான். வாசகர் சிரிப்பார், யாருக்கும் நோகாது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஞானேஸ்வரன் பென்சிலால் எழுதியிருந்தான்: 'ஈ இல்லை. நீங்களும் அங்கை இருந்தனீங்கள்தானே, அண்ணை.'

அங்கை என்று அவன் சொன்னது அமெரிக்காவை இல்லை. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு முன்னறையை. எழுதச் சம்மதம் தந்துவிட்டான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

9.

2007 ஐப்பசி, சனிக்கிழமை மத்தியானம். சபாரத்தினம் என்னைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தார். ஓர் ஆங்கிலக் கடிதத்தைத் திருத்த வேண்டும் என்றார். கவுன்சில் விசயமாக்கும் என்று போனேன்.

மேசையில் நூலகத்தில் எடுத்த பேஸ்போல் விதிப் புத்தகப் பிரதிகள். அடிக்கோடு சிவப்பிலும் நீலத்திலும். பக்கத்தில் ஒரு டிவிடி, அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவு. பவளக்கொடி தவநாயகிக்குக் கொடுத்ததாம். இவர் அதை எடுத்து நாற்பது தடவை பார்த்திருக்கிறார். கடிதம் அமெரிக்க அணிகளின் சங்கத்துக்கு. மூன்று பக்கம். நடுவர் இழைத்த தவறு பற்றிய முறைப்பாடு.

மற்ற நடுவர்களின் தீர்ப்பில் பிழை காண்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார். எறிபவன் இன்னும் எறியத் தொடங்கவே இல்லை, தொடங்காதவன் நின்றால் குற்றமில்லை, ஆகவே அது போக் இல்லை என்பது அவர் வாதம். தொலைக்காட்சியில் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். கமெரா ஞானேஸ்வரனுக்கு நேர் பின்னால். முதுகும் இலக்கமும்தான் தெரிந்தன. சங்கம் முடிவை மாற்றினால் அவனைத் திரும்பக் கூப்பிடவும்கூடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

"உவன் பிழை செய்யேல்லை" என்றார். "நான் எழுதாட்டி ஆர் எழுதுறது?"

அப்போது வாசல் மணி அடித்தது. ஏழு மாதக் குழந்தை துளசியைத் தோளில் போட்டுக்கொண்டு ஞானேஸ்வரன் நின்றான். சனிக்கிழமைகளில் பவளக்கொடிக்குக் கடை உண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து விடச்சொல்லித் தவநாயகி கூப்பிட்டிருந்தாள். அத்தான் வேலைக்குப் போயிருப்பார் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். ஆறு வருடம் செய்திகளை இரு பக்கமும் சுமந்தவள் அன்றைக்கு ஒரு பொய்யைச் சேர்த்துவிட்டாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் சமையலைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஞானேஸ்வரன் தொலைக்காட்சியில் தன் முதுகைப் பார்த்தான். மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்தான். நின்றபடியே மூன்று பக்கத்தையும் வாசித்தான். எனக்கு எழும்பிப் போகலாமா என்றிருந்தது. ஆனால் கதவை அவன் மறித்துக்கொண்டு நின்றான்.

"இதை அனுப்பாதேங்கோ, அத்தான்."

ஆறு வருடத்தில் முதல் வார்த்தை. சபாரத்தினம் விதிப் புத்தகப் பிரதியைக் கையில் எடுத்தார்.

"நீ தொடங்கேல்லை. படத்திலை கிடக்கு."

"தொடங்கினனான். தொடங்கிப்போட்டு நிண்டனான். அந்த அம்பயர் சரியாத்தான் சொன்னவன்."

"ஏன் நிண்டனீ?"

ஞானேஸ்வரன் உட்கார்ந்தான். கடிதத்தை நாலாக மடித்தான், பிறகு விரித்தான்.

"கை மடிஞ்சிருக்கோ எண்டு பாத்தனான்" என்றான்.

நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடிந்த கைக்கு ஒருவரும் குற்றம் சொல்லாத நாட்டில், மடிந்தால்தான் எறியவே முடிகிற விளையாட்டில், இன்னும் ஒரே ஒரு பந்து மிச்சமிருக்கும்போது, ஒருவன் தன் முழங்கையைத் திரும்பிப் பார்த்திருக்கிறான். சிரிக்க வேண்டிய விசயம். தொலைக்காட்சியில் அவன் முதுகு அப்படியே நின்றது. யாரும் அதை அணைக்கவில்லை.

சபாரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் கழற்றினார். பிறகு, ஆறு வருடமாகத் தீர்ப்பு மட்டுமே சொன்ன அந்த மனுசன், ஒரு கேள்வி கேட்டார்.

"மடிஞ்சிருந்ததோ?"

10.

ஞானேஸ்வரன் பதில் சொன்னான். நான் கேட்டேன். இங்கே எழுதப்போவதில்லை.

எழுதிப் பார்க்காமல் சொல்லவில்லை. 'ஓம்' என்று எழுதினால் சபாரத்தினம் வென்றுவிடுகிறார், கதை ஒரு நடுவரின் கதையாகிவிடுகிறது. 'இல்லை' என்று எழுதினால் அவர் அந்தக் கதிரையிலேயே உடைந்துபோக வேண்டும்; மச்சானைக் கள்ளனாக்கி, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலும் அவனை நிறுத்திய ஆள் தான்தான் என்று அறிந்தபடி. 'தெரியேல்லை அத்தான்' என்று எழுதினேன். அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே நம்ப முடியவில்லை.

பவளக்கொடியிடம் எந்தப் பதிலைப் போடலாம் என்று கேட்டேன். அவருக்கு உண்மைப் பதில் தெரியும். அன்று பின்னேரமே ஞானேஸ்வரன் சொல்லிவிட்டான். "அது அவங்க ரெண்டு பேரு விஷயங்க" என்றார்.

ஆகவே அந்த ஒரு வரியை உங்களிடம் விடுகிறேன். ஆனால் நீங்கள் எதை எழுதினாலும் அதற்குப் பிறகு நடந்தவற்றோடு அது பொருந்த வேண்டும். நடந்தவை இவை: சபாரத்தினம் தலையை இரண்டு தரம் ஆட்டினார். கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். உள்ளே குழந்தை சிணுங்கியது. அவர் எழும்பிக் குசினிக்குப் போய், துளசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளை அவர் மூக்குக்கண்ணாடியை ஒரே பிடியில் பறித்து நிலத்தில் விட்டெறிந்தது. கண்ணாடி உடைந்தது. "கை நல்ல நேர்" என்றார் சபாரத்தினம். யாரும் சிரிக்கத் துணியவில்லை. ஞானேஸ்வரன்தான் முதலில் சிரித்தான். தவநாயகி கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். நாலு பேரும் சாப்பிட்டோம். கண்ணாடி இல்லாததால் சபாரத்தினத்துக்கு ஊறுகாய்ப் போத்தல் தெரியவில்லை. ஞானேஸ்வரன் எடுத்துக் கொடுத்தான்.

கேள்விக்கும் தலையாட்டலுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. பென்சிலால் எழுதுங்கள். ஞானேஸ்வரனும் இதை வாசிப்பான்.

"மடிஞ்சிருந்ததோ?"

"                                        "